அணைப்பதா, உறங்க விடுவதா?

தமிழில் விளக்கையும் அணைக்கிறோம், குழந்தையையும் அணைக்கிறோம். கணினிக்கு என்று வரும்போது முதற்பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் இச்சொல்லையொட்டி நெடுநாள் ஒரு வழக்கு நடந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே மடிக்கணினி. ஒருவர் வேலை முடிந்ததும் மூடியைச் சாத்திவிட்டு எழுந்துவிடுவார். மற்றவர், எரிவாயு, குழாய், வாசற்கதவு என்று வரிசையாகச் சரிபார்த்து வருகிறவர். கணினியையும் முறையாக அணைத்தாலன்றி அவருக்கு உறக்கம் வராது.

மின்சாரம் வீணாகிறது என்பது அணைப்பவரின் முதல் வாதம். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். உறங்கும் மடிக்கணினி ஒரு வாட் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், இரவுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஒரு யூனிட் செலவாக 125 இரவுகள் ஆகும். அந்த வாதம் அத்தோடு அடங்கியது.

உறக்கத்தில் திரை, வட்டு, செயலி எல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. காரணம் எளியது. நினைவகத்தின் ஒவ்வொரு துணுக்கும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசியும். ஆகவே பொதுவாக 64 மில்லிநொடிகளுக்குள் ஒருமுறை அனைத்தையும் படித்து, மறுபடி எழுதியாக வேண்டும். நாம் உறங்கும்போது அந்த இயந்திரம் இரவு முழுவதும் தன் நினைவைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. அணைத்தால் அந்த எழுத்து நின்றுவிடும்.

அணைப்பதும் இன்று முழு அணைப்பன்று. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் என்ற வசதி இயங்கும் கணினிகளில், இயக்கமுறைமையின் மையப்பகுதி வட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே மீட்கப்படுகிறது. அடிமுதல் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் 'மறுதொடக்கம்' என்பதைத்தான் அழுத்த வேண்டும். உறக்கமும் முழு உறக்கமன்று. புதிய மடிக்கணினிகள் பலவும் மூடிய நிலையிலும் இணையத்தோடு தொடர்பில் இருக்கின்றன; பைக்குள் வைத்த கணினி சூடேறிக் கிடப்பது அதனால்தான். வட்டைப் பூட்டும் மறைகுறிச் சாவியும் உறக்கத்தில் நினைவகத்திலேயே தங்கிவிடுகிறது. மின்சாரம் நின்ற பின்னும் சில நொடிகள், குளிரூட்டினால் இன்னும் நீண்ட நேரம், நினைவகத்தில் தடயம் எஞ்சும் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். எனவே பயணத்துக்கு எடுத்துச் செல்லும்போது அணைத்துவிடுவதே நல்லது என்பதில் எங்கள் இரு தரப்புக்கும் உடன்பாடு.

வழக்கு முடிவுக்கு வந்தது இந்த வாதங்களால் அல்ல. ஒரு மார்கழிக் காலையில் மூடியைத் திறந்தபோது, திரையில் 'ஆவணம்1' என்ற பெயரோடு மூன்று பத்திகள் இருந்தன. வழக்கமாக அணைக்கிறவர் முந்தைய இரவு அணைக்கவில்லை. தம் அம்மா மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தை அவர் எழுதத் தொடங்கியிருந்தார். அம்மா போய் அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாரத்தைப் பற்றி நாங்கள் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. மூன்றாம் பத்தி பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. அன்று காலை காபி ஆறிப்போகும்வரை பேசினோம்.

"அணைக்கப் போயிருந்தால் 'சேமிக்க வேண்டுமா' என்று அது கேட்டிருக்கும். வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்" என்றார் எழுதியவர்.

இந்த ஒரு கேள்வியை முன்னிட்டுத்தான் அவர் மூடியை மட்டும் சாத்தினார் என்று நினைக்கிறோம். அணைக்கும்போது கணினி நம்மிடம் ஒரு தீர்ப்பைக் கேட்கிறது: இது வேண்டுமா, வேண்டாமா? நள்ளிரவில், களைத்த மனத்தோடு, சில காரியங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. விடியும்வரை தள்ளிவைக்க ஓர் இடம் தேவைப்படுகிறது.

இப்போது வார நாள்களில் உறங்க விடுகிறோம். சனிக்கிழமை இரவு எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுதொடக்கம் செய்கிறோம். மின்கலம் தீர்ந்துபோனால் உறக்கமும் காப்பாற்றாது என்பதால், சேமித்த பிறகே மூடியைச் சாத்துகிறோம். அந்த மூன்று பத்திகள் இன்று பதினாறு பக்கங்களாகியிருக்கின்றன. கோப்பின் பெயர் மட்டும் இன்னும் 'ஆவணம்1'தான்.