வெயிலும் வீடும்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது பழமொழி. வீட்டின் அருமையும் அவ்வாறே வெயிலில்தான் விளங்கும். மழைக்கும் திருடர்க்கும் அஞ்சி மனிதன் வீடு கட்டிக்கொண்டான் என்பது உண்மையே. எனினும் ஆண்டிற் பல திங்கள் கதிரவன் காயும் நாட்டில், வெப்பத்தைத் தடுப்பதே வீட்டின் தலையாய கடமையாகும். அக்கடமையைச் செவ்வனே ஆற்றிய வீடுகளுள் செட்டிநாட்டு வீடுகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களில் நகரத்தார் எழுப்பிய இவ்வீடுகளுள் பெரும்பாலன, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தோன்றியவை. பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வாணிகம் செய்து ஈட்டிய பொருள், இவற்றில் தேக்குத் தூண்களாகவும் அழகிய தளங்களாகவும் உருப்பெற்றது. காண்போர் அத்தூண்களையே வியப்பர். ஆனால், வியத்தற்குரியது வேறொன்று உண்டு.

அவ்வூர்களுள் ஒன்றில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பெரிய வீடு ஒன்றில் தனித்து வாழ்ந்துவந்தார். ஒரு சித்திரைத் திங்களில், சென்னையிலிருந்து அவருடைய பேரன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து சேர்ந்தான். பங்காளிகள் அவ்வீட்டைப் பிரித்து, தூணும் கதவும் தனித்தனியே விற்றுவிட எண்ணியிருந்தனர். அவன் பங்கிற்குக் கையொப்பம் இடுதலே அவன் வந்த காரியம்.

நண்பகலில் வந்தவன், காற்று வேண்டி, மேற்குப் பக்கத்துச் சன்னல்களை எல்லாம் திறந்துவைத்தான். சற்று நேரத்திற்குள் அறை உலைக்களம் போல் ஆயிற்று. குழந்தை ஓயாது அழுதது.

“இந்த வீட்டில் எவ்வாறு இருக்கிறீர்கள், அப்பத்தா?” என்று அவன் சலித்துக்கொண்டான்.

“வீடு என்ன செய்யும், தம்பி? வெயிலை உள்ளே அழைத்தவன் நீயன்றோ?” என்றார் மூதாட்டி.

அவர் எழுந்து சன்னல்களை அடைத்தார். பொழுது சாய்ந்தபின் வளவின் நடுவே உள்ள திறந்த முற்றத்தில் நீர் தெளித்தார். இருட்டியதும் வாயிற்கதவு, நடுக்கதவு, சன்னல் அனைத்தையும் திறந்தார். முற்றத்தை அடுத்த பத்தியில் பாய் விரித்துக் குழந்தையைக் கிடத்தினார். மின்விசிறியும் இன்றி அக்குழந்தை விடியும்வரை உறங்கிற்று. பேரனோ உறங்கவில்லை. இக்குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

அதன் காரணம் மந்திரமன்று, கணக்கேயாகும். காரைக்குடி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் கதிரவன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். அப்போது வெயிலை மிகுதியாக ஏற்பது கூரை. காலையிலும் மாலையிலும் சாய்ந்த கதிர்களை ஏற்பன கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். இதனை அறிந்த முன்னோர் வீட்டைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டினர். நெடுஞ்சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும் அமைந்தன. குறுஞ்சுவர்களே வெயிலுக்கு முகம் கொடுத்தன. முகப்பு முதல் பின்கட்டு வரை வாயில்கள் ஒரே நேர்கோட்டில் இருத்தலால் காற்று தடையின்றி ஊடுருவியது.

கூரையில் ஓடுகளைப் பல அடுக்காக வேய்ந்தனர். ஓட்டிற்கும் ஓட்டிற்கும் இடையே தங்கிய காற்று வெப்பத்தை எளிதிற் கீழே விடாது. சுவர்களைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் தடிப்பாக எழுப்பினர். பகலில் சுவரைத் தாக்கிய வெப்பம் உள்ளே புகப் பல நாழிகை ஆகும். அது புகும் வேளையில் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். திறந்த கதவுகள் அவ்வெப்பத்தை வெளியேற்றிவிடும். அரைத்த சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் வெல்லமும் கூட்டி, மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவும் சேர்த்து மெருகிட்டனர்.

இவையனைத்திற்கும் உயிர்நிலை முற்றமேயாகும். இரவில் அது வானை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமுடையது; ஆதலின் அது முற்றத்தில் இறங்கிப் பத்திகளிற் பரவுகிறது. வெப்பக் காற்று மேலெழுந்து அகல்கிறது. மழை பெய்யுங்கால் கூரைநீரை அண்டாக்களிற் பிடித்துக்கொள்ளவும் அம்முற்றமே இடமாயிற்று.

எனினும், வீட்டைக் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது; அதில் வாழவும் தெரிதல் வேண்டும். பகலில் அடைத்து இரவில் திறக்கும் சிறு வழக்கத்தைப் பேரன் அறியவில்லை. அதனால் நல்ல வீடு ஒன்று அவனுக்குத் தீய வீடாகத் தோன்றிற்று. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் பட்டியல் எதுவும் ஒழுகும் ஓட்டை மாற்றித் தராது. அருமை அறிந்த உரிமையாளரே அதனைச் செய்தல் வேண்டும்.

மூன்று சென்ட் மனையில் குடியிருப்போர்க்கு இவ்வறிவு எவ்வாறு பயன்படும் என்று சிலர் வினவலாம். மெல்லிய காங்கிரீட்டுத் தளம் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்வதாலேயே அவர்தம் உறக்கம் கெடுகிறது. அத்தளத்தின்மேல் வெள்ளை பூசினால் வெயிலில் ஒரு பகுதி திரும்பிப் போகும். சன்னலுக்கு மேல் அகன்ற தாழ்வாரமும், எதிரெதிரே சன்னல்களும், மேற்கே ஒரு வேம்பும் அமைத்தல் எளிதே. இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாகிய லாரி பேக்கர் (1917–2007), செங்கற்களை நிறுத்தி அடுக்கி இடையே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டுமுறையைக் கேரளத்திற் பரப்பினார். அதனால் செங்கல்லும் குறைந்தது, வெப்பமும் தடைப்பட்டது. குளிர்சாதனப் பெட்டியோ வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து தெருவிற்குத் தள்ளுகிறது. ஒருவர் குளிர, அயலார் வெம்புவர்.

மறுநாட் காலையில் பங்காளிகள் தாளோடு வந்தனர். பேரன் கையொப்பம் இடவில்லை. “ஓடு மாற்றும் செலவில் என் பங்கை நான் தருவேன், நீங்களும் எண்ணிப் பாருங்கள்,” என்றான். அவர்கள் உடனே இசையவில்லை, மறுக்கவும் இல்லை. விடைபெறும்போது அவன் பாட்டியாரிடம், “சென்னையில் நான் கட்டப்போகும் சிறு வீட்டில் நான்கு அடி முற்றமாவது விடுவேன், அப்பத்தா,” என்றான்.

“விடு, தம்பி. எந்த வேளையில் எந்தக் கதவைத் திறப்பது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடு,” என்றார் அவர்.

கல்லும் மரமும் செல்வர்க்கே கிட்டும். வெயிலின் போக்கையும் காற்றின் வழியையும் அறியும் அறிவோ எல்லார்க்கும் பொது. அவ்வறிவைக் கைவிடாது காத்தல் நம் கடனாகும்.