எம்எஃப் சுவிட்ச்

ராயபுரத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் அண்ணன் ஒருவருக்கு லைட் பிடித்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு நமைச்சல். முகத்தில் ஃபோகஸ் விழுந்ததும் லென்ஸ் சுவிட்சை எம்எஃப்புக்கு, அதாவது மேனுவல் ஃபோகஸுக்கு, தட்டுவார். பிறகுதான் பிளாஷ். அவரிடம் தொழில் கற்ற பசங்களும் இன்று அப்படியே தட்டுகிறார்கள்.

"சர்ச்சுல இருட்டுபா. ஆட்டோ ஃபோகஸ் தேடிக்கினே கெடக்கும்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினம் என்று எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலைக்குப் போனால், உச்சி வெயிலிலும் தட்டுகிறார். ஹெல்மெட் நிழலை எடுக்கத்தான் அங்கே பிளாஷ்.

"இருட்டு எங்கண்ணே?"

"கைப்பழக்கம். உடு."

விடவில்லை. பேட்டரி மிச்சமாகுமா என்றேன். முறைத்தார். டீக்கடையில் மறுபடி கிளறினேன். திரும்பவும் சர்ச், திரும்பவும் இருட்டு. எரிச்சலில்தான் வாய்விட்டார்: "சேஃப்டி ஜாக்கெட்ல பளபளன்னு பட்டை இருக்குல்ல, அதும்மேல ஃபோகஸ் புள்ளி உழுந்தா மூஞ்சியெல்லாம் கறுத்துடும்டா!"

அப்படியென்றால் இது ஃபோகஸ் சமாசாரமே இல்லை, வெளிச்சக் கணக்கு! அவருடைய முதல் டிஜிட்டல் கேமரா எது என்று கேட்டேன். கேனான் 10டி. 2003இல் வந்த மாடல்.

ஃபிலிம் காலத்தில், 1975இன் ஒலிம்பஸ் ஓஎம்-2 தொடங்கி, பிளாஷ் எரியும்போதே ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்தார்கள். டிஜிட்டல் சென்சாரில் அது சரிப்படவில்லை. கேனான் 1995இல் கொண்டுவந்த இ-டிடிஎல் என்ற பிளாஷ் அளவீட்டு முறையில், ஷட்டர் திறக்கும் முன்பே சின்னதாக ஒரு பிளாஷ் அடித்து அளவெடுக்கும். அந்த அளவில் ஃபோகஸ் புள்ளி இருக்கும் இடத்துக்கே மவுசு அதிகம். முகத்தில் ஃபோகஸைப் பூட்டி ஃபிரேமை நகர்த்தினால், அளவெடுக்கும் நொடியில் புள்ளி மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் நிற்கும். கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பெண்ணின் வெள்ளைப் புடவை வெந்துபோகும். ஜாக்கெட் பட்டையில் நின்றால் நேர்மாறு. எம்எஃப்புக்குத் தட்டினால் புள்ளிக்கு அந்தச் சலுகை போய், ஃபிரேமைச் சராசரியாகப் பார்க்கும். எஃப்இ லாக் என்ற பிளாஷ் அளவுப் பூட்டில் முகத்தை மட்டும் அளந்து பூட்டலாம்தான். தாலி கட்டும் நெரிசலில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

2004இல் இ-டிடிஎல் 2 வந்தது. முன்பிளாஷுக்கு அளவுக்கு மீறி மின்னும் இடங்களை அதுவே கழித்துக்கொள்கிறது, புள்ளியோடு கட்டிப்போட்ட கணக்கும் போனது. அந்த முறையில் இயங்கும் அண்ணனின் இப்போதைய கேமராவுக்கு இந்தத் தட்டல் தேவையே இல்லை.

சொன்னேன். கேட்டுக்கொண்டே லென்ஸைத் துடைத்தார்.

"அப்போ ஃபிரேம் ரொம்ப வெள்ளைப் பொடவ நின்னா?"

"அதுக்கு இன்னிக்கும் பிளாஷைக் கொஞ்சம் கூட்டி வைக்கணும்ணே."

"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் பேசின?"