அகப்படாத துவாரம்

கப்பல் கட்டும் தொழிலாளிக்கும் இருதய வைத்தியருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். சுவீடன் நாட்டின் மால்மோ நகரக் கப்பற்கட்டும் தளத்தில், உலோகத்தினுள் மறைந்திருக்கும் பழுதைக் கண்டறிய ஒரு கருவி இருந்தது. காதுக்கு எட்டாத ஒலியை அது உள்ளே அனுப்பும். பழுதுள்ள இடத்தில் பட்டு எதிரொலி திரும்பிவரும். எட்லர் என்னும் வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிகவியலாளரும் அந்த முறையை மனித நெஞ்சுக்குக் கொண்டுவந்தனர். 1953இல், லுண்ட் நகரில், இருதயத்தின் அசைவு எதிரொலியாகப் பதிவாயிற்று.

என் தமக்கையின் நெஞ்சைச் சோதித்தது அக்கருவியின் பேரப்பிள்ளைதான். ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையல் இயந்திரத்தின் முன் இருந்து உழைப்பவள் அவள். படியேறினால் மூச்சு வாங்கும். இரத்தக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். மேற்பார்வையாளரோ சோம்பல் என்றார். ஏழையின் களைப்புக்கு இவ்விரண்டு பெயர்களே உண்டு போலும்!

முதற் பரிசோதனையில் "துவாரம் இல்லை" என்று எழுதினார்கள். வழக்கமான இடத்தில் இல்லை என்பதே அதன் பொருள். இருதயத்தின் மேலறைகளாகிய இரு சோணையறைகளையும் பிரிக்கும் சுவரின் நடுப்பகுதியிலேதான் பெரும்பாலும் துவாரம் இருக்கும். இந்நோயுள்ள 10 பேரில் ஒருவருக்கு, அல்லது அதனினும் அரிதாக, அது மேற்பெருநாளம் வந்து இறங்கும் வாயிலருகே ஒதுங்கிக் கிடக்கும். வலது நுரையீரலிலிருந்து இடப்புறம் சேரவேண்டிய நாளமும் பெரும்பாலும் அங்கேயே வழிதவறி வந்து கலக்கும். நெஞ்சின்மேல் வைத்துப் பார்க்கும் கருவிக்கு அந்த மூலை எளிதில் அகப்படாது.

இரண்டாவதாகப் பார்த்த வைத்தியர் ஓர் இளம்பெண். துவாரம் இல்லையென்றால் வலது அறைகள் ஏன் பருத்திருக்கின்றன என்று அவர் கேட்டார். மிகையான இரத்தம் ஓரிடத்தில் சேர்கிறதென்றால், அது எங்கிருந்து பறிபோகிறது என்று தேடவேண்டுமல்லவா? பொருளியல் படித்த மாணவருக்கு இந்த வழி புதியதன்று. தொண்டையை மரக்கச்செய்து, கருவி பொருத்திய குழாயொன்றை விழுங்கவைத்தார்கள். உணவுக்குழாய் இருதயத்தின் பின்புறத்தை ஒட்டி இறங்குவதால், விலா எலும்பும் நுரையீரற் காற்றும் அங்கே தடையில்லை. சுவரின் மேல் விளிம்பருகே துவாரம் தெரிந்தது. இரத்தம் இடமிருந்து வலமாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

இடம் தெரிந்தாற்றான் வைத்தியம் தெரியும். நடுச்சுவர்த் துவாரமாயின், தொடை நாளத்தின் வழியே மூடியொன்றைச் செலுத்திப் பலருக்கு அடைத்துவிடலாம். இங்கே மூடி பற்றிக்கொள்ளப் போதிய விளிம்பில்லை. பெரும்பாலும் நெஞ்சைத் திறந்து, வழிதவறிய நாளத்தின் இரத்தத்தையும் இடப்புறம் திருப்பவேண்டும். காலம் கடந்தால் நுரையீரல் நாடிகளில் அழுத்தம் ஏறி, சிலருக்குச் சத்திரசிகிச்சையே இயலாமற் போகும்.

நம் அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசம், அது பெரும்பேறே. ஆயினும் இந்தக் குழாய்க்கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் ஊர்தோறும் இல்லை. தமக்கை மூன்று முறை நகரத்துக்குப் போய்வந்தாள். மூன்று நாட் சம்பளத்தோடு அம்மாத வரவுக் கொடுப்பனவும் வெட்டப்பட்டது. மேற்பார்வையாளர் வைத்திய அறிக்கையின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கிக் கோவையில் வைத்துக்கொண்டார்.