கொலைகார முளை

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே பழைய பிக்கப்புக்கு டீசல் எஞ்சின் மாற்றுபவர்கள் பலர் தேடி அலைவது கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை. 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்தது. 1998 வரை வந்த 12 வால்வு எஞ்சின் கிடைத்தால் கம்ப்யூட்டர் தொல்லை இல்லை, டீசல் பம்ப்பும் மெக்கானிக்கல்தான்.

எடைதான் சுமார் 500 கிலோ! இரண்டு டன் ஹாய்ஸ்ட் இருக்கிறதே என்று இறங்கினால், வண்டியின் முன்பக்கத்தைத் தாண்டி எட்ட அதன் கையை நீட்ட வேண்டும். முழுதாக நீட்டினால் பல ஹாய்ஸ்ட்கள் தாங்குவது அரை டன்தான். விளம்பரத்தில் இருப்பது வேறு கணக்கு.

அதைவிட வம்பு எஞ்சினுக்கு உள்ளே. டைமிங் கியர் பெட்டியை பிளாக்கோடு நேராகப் பொருத்த ஒரு சின்ன எஃகு முளை. ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து கழன்று கியர்களுக்கு நடுவே விழுந்தால், பெட்டியே விரிந்துவிடும். அங்கே அதற்குப் பெயரே 'கொலைகார முளை'. பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு தகடு கொடுத்து அதன் வாயை மறித்தால் தீர்ந்தது. எஞ்சின் வெளியே நிற்கும்போது இது லேசான வேலை. ஏற்றிய பிறகு என்றால் ஃபேன், புல்லி எல்லாம் அந்த இடுக்கில் கைவிட்டுக் கழற்ற வேண்டும். ஆனால் வாங்கிய அன்றே ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கத்தானே கை பரபரக்கிறது!

முன்மூடியைத் திறக்கும்போது துளை காலியாக இருந்தால் அடுத்து ஆயில் பேனையும் கழற்றித் தேட வேண்டியதுதான்.