ஊர் வாயும் ஆற்று வாயும்

எங்கள் ஊர் பழையசீவரம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் இங்கேதான் கூடுகின்றன. எதிர்க்கரைக்குத் திருமுக்கூடல் என்றே பெயர். பெயரைக் கேட்டுவிட்டு மூன்று ஆறும் புரண்டு ஓடும் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். ஆனால் சின்ன வயதில் அம்மாவோடு அந்த மணலில் ஊற்றுத் தோண்டப் போயிருக்கிறேன். முழங்கை ஆழம் தோண்டினால் நீர் சுரக்கும். கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். ஆறு வற்றிப்போச்சு என்று யாராவது சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். “அடியில ஓடுதுடி” என்பாள்.

ஊற்றில் நீர் ஊறக் காத்திருக்கும் நேரத்தில்தான் பெண்கள் பேசுவார்கள். புருஷன் அடித்தது, மாமியார் சோறு போடாதது, வயிற்றில் கலைந்தது எல்லாம் அங்கே வரும். குடத்தை இடுப்பில் ஏற்றியதும் பேச்சு நின்றுவிடும். கரை ஏறி ஊருக்குள் அதைக் கொண்டுபோக யாருக்கும் தைரியம் கிடையாது.

பத்தொன்பது வயதில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். விடியற்காலையில் ரோட்டில் நின்று கம்பெனி பஸ் ஏறுவேன். மூன்றாம் மாதம் சூப்பர்வைசர் ஒருவன் வேலை சொல்லிக்கொடுக்கிற சாக்கில் தொட ஆரம்பித்தான். தள்ளி நின்றால் அன்றைக்கு டார்கெட் முடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டுவான். பக்கத்தில் வேலை செய்த அக்காமார்களுக்குத் தெரியும். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

ஒருநாள் ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “வெளிய சொல்லாத. உலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா?” மறுநாளிலிருந்து என்னை வேலைக்கு அனுப்பவில்லை. அவன் அங்கேயே இருந்தான்.

பல வருஷம் கழித்து அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. படித்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு மேடம், பாடத்தை விட்டு விலகி ஒரு சீனப் பழமொழியைச் சொன்னார். ‘ஃபாங் மின் ஜி கோவ், ஷென் யூ ஃபாங் ச்சுவான்.’ மக்களின் வாயை அடைப்பது, பாய்ந்து வரும் ஆற்றை அடைப்பதைவிட ஆபத்தானது என்று பொருள். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சௌ வம்சத்து லி மன்னனின் கொடுமையை ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அவன் ஒரு மந்திரவாதியை வேவு பார்க்க வைத்தான். அவன் காட்டிக்கொடுத்தவர்களை எல்லாம் கொன்றான். பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள். பழி பேச்சை நிறுத்திவிட்டேன் என்று மன்னனுக்குப் பெருமை. ஷாவோ பிரபு என்ற அமைச்சர்தான் எச்சரித்தார்: இது நிறுத்தியதல்ல, அடைத்தது. அடைத்த ஆறு உடைத்தால் பலரைக் கொண்டுபோகும். ஆற்றைக் காப்பவன் அதற்கு வழிவெட்டி விட வேண்டும், மக்களை ஆள்பவன் அவர்களைப் பேசவிட வேண்டும். மன்னன் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் ஜனங்கள் எழுந்து அவனை விரட்டினார்கள். அது கி.மு. 841. சீன வரலாற்றில் ஆண்டுக்கணக்கு உறுதியாகத் தொடங்குவதே அங்கிருந்துதான்.

கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டார்கள் என்று மேடம் சொன்னபோது எனக்கு அந்த அக்காமார்களின் கண்கள் நினைவுக்கு வந்தன.

அரசை விமர்சிப்பவர்களை அடக்கும்போதெல்லாம் சீனர்கள் இன்றும் இந்தப் பழமொழியை எடுக்கிறார்கள். எங்கள் பழமொழியிலும் வாய்தான் இருக்கிறது. ஆனால் அது யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். சீனப் பழமொழி அடைக்கிறவனிடம் சொல்லப்படுகிறது, ‘நீ அடைக்காதே’ என்று. எங்கள் வீடுகளில் அடிபட்டவளிடம் சொல்கிறோம், ‘ஊர் பேசும், அதனால் நீ பேசாதே’ என்று. ஊர் வாயை மூட முடியாது என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறோம். அதற்கு ஈடாக ஒரு பெண்ணின் வாயை மூடிவிடுகிறோம்.

ஷாவோ பிரபுவையும் நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. அவர் கவலை மன்னனின் நாற்காலி. யார் யார் மன்னனிடம் பேச வேண்டும் என்று ஒரு பட்டியல் தருகிறார்: பிரபுக்கள், பார்வையற்ற இசைவாணர்கள், வரலாறு எழுதுவோர், கைவினைஞர்கள், சாதாரண ஜனங்கள். பெண்கள் என்று தனியே ஒரு சொல் இல்லை.

ஆற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியவை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது. குடத்தில் பேர் போட வேண்டுமானால் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்குக் குறையாமல், எழுபதுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அந்தக் குடத்தில் எந்தப் பெண்ணின் பேரும் விழ வழியில்லை. உழுகிறவர், கூலிக்காரர் பேரும் விழ வழியில்லை. ஏரி நிரம்பினால் கரை உடையாமல் இருக்கக் கலங்கல் வைக்கத் தெரிந்த ஊர் இது. மிஞ்சின நீர் வெளியேற வழி விட்டவர்கள், வீட்டுக்குள் நிரம்பியதற்கு வழி விடவில்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. அடுத்த மாதமே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொன்று வந்தது. பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். என்ன ஆனது என்று கூட இருந்தவர்களுக்குத் தெளிவாகச் சொல்வாரில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வதந்தி பொய் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். ஆனால் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரத்துக்குக் கீழே இருந்தன என்று ஆப்பிள் நிறுவனமே பிறகு ஒத்துக்கொண்டது. ‘பொம்பளப் புள்ளைங்க ரோட்டுல உக்காரலாமா?’ என்று எங்கள் டீக்கடையில் கேட்டார்கள். ரோட்டுக்கு வருமுன் அவர்கள் எங்கே பேசியிருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளம் பார்க்க நானும் அம்மாவும் கரைக்குப் போயிருந்தோம். செம்மண் நிறத்தில் இரு கரையும் முட்டிப் போயிற்று. நாங்கள் ஊற்றுத் தோண்டின இடம் எது என்றே தெரியவில்லை. அம்மா ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்: “அவன் பேர் என்ன?” பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். சொன்னேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது எங்கள் தெருவிலிருந்து நான்கு பெண்கள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். 2013ஆம் வருஷச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடத்துக்கும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத நான் உதவுகிறேன் என்றேன். குழு காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அப்படி இருந்தால் அதையும் எழுதிக் கேட்போம் என்றேன். அவள் தயங்கினாள். “ஊர் என்ன பேசும், அக்கா?”

உள்ளேயிருந்து அம்மா டம்ளரோடு வந்தாள். “ஊரு பேசட்டும். நீ மொதல்ல பேசு” என்று காபியை அவள் கையில் கொடுத்தாள்.