கசப்பு வாங்கப் போனோம்

"கசப்பை யாராவது காசு கொடுத்து வாங்குவாளா?" என்று கேட்டாள் என் சகதர்மிணி.

லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருந்தோம். கேள்வி என் தமக்கை மகனைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவன் பதினைந்து வருஷமாய் லண்டன்வாசி. உத்தியோகம் கம்ப்யூட்டரில், பொழுதுபோக்கு வீட்டுக் கொல்லையில் பீர் காய்ச்சுவது!

நேயர்கள் திடுக்கிட வேண்டாம். நானும் மதுவிலக்கு அமலில் இருந்த சென்னையில் பிறந்து வளர்ந்தவன்தான். இன்றும் என் பானம் காப்பியோடு சரி. நம் ஊரில் வீட்டில் மது காய்ச்சினால் போலீஸ் வரும். ஆனால் இங்கிலாந்தில், விற்காமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சினால் குற்றமில்லை. 1880-லிருந்து அதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று இருந்தது. 1963-ல் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். அதுமுதல் அங்கே அநேகம் பேருக்கு இது, நம் வீடுகளில் வடாம் இடுவது போல ஒரு குடும்பக் கலை.

"மாமி, பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுப்பது ஹாப்ஸ் என்கிற பூ. போன மாசம் மாமனாரின் பிறந்த நாளுக்கென்று 23 லிட்டர் காய்ச்சினேன். எங்கேயோ மலிவாகக் கிடைத்த பழைய ஹாப்ஸைப் போட்டுவிட்டேன். ஊசிப்போன பாலாடைக்கட்டி மாதிரி நாற்றம்! அவ்வளவையும் சாக்கடையில் கொட்டினேன். அதனால்தான் இந்தத் தடவை விளைகிற இடத்துக்கே போய் வாங்கலாம் என்று..."

"பாவம்" என்றாள் அவள். சாக்கடையில் போன 23 லிட்டருக்கா, மாமனாருக்கா என்று நான் கேட்கவில்லை.

ரயில் கென்ட் பிரதேசத்துக்குள் நுழைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பாடக் உட் ஸ்டேஷன். செப்டம்பர் மாதத்து இளவெயில். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே அங்கங்கே விசித்திரமான கட்டிடங்கள்: செங்கல்லால் கட்டிய வட்டக் கோபுரம், அதன்மேல் கூம்பு வடிவக் கூரை, உச்சியில் சாய்ந்த குல்லா வைத்தாற்போல் ஒரு வெள்ளை மரமூடி. காற்று திரும்பினால் அந்தக் குல்லாவும் திரும்புமாம். இவைதாம் ஹாப்ஸ் உலர்த்தும் 'ஓஸ்ட்' வீடுகள். இப்போது பெரும்பாலானவற்றில் பூ உலர்வதில்லை, பணக்காரர்கள் குடியிருக்கிறார்கள்.

நாங்கள் போன பண்ணையில் மட்டும் இன்னும் பூ விளைகிறது. வாசலைத் தாண்டியதும் என் மனைவி நின்றுவிட்டாள்.

"அடே, வெற்றிலைக் கொடிக்கால்!"

அப்படித்தான் இருந்தது. வரிசை வரிசையாய்க் கம்பங்கள். பதினாறு பதினேழு அடி உயரத்தில் கம்பி. கம்பியிலிருந்து தொங்கும் கயிறுகளில் அடர்ந்து படர்ந்த பச்சைக் கொடிகள். நடுவே நடந்தால் நிழலும் குளிர்ச்சியும். அவள் ஒரு கயிற்றைப் பிடித்து நிரடிப் பார்த்தாள். "தேங்காய் நார்க் கயிறுன்னா இது!" ஆம், சந்தேகமே இல்லை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வரும் கயிற்றில்தான் கென்ட் நாட்டுக் கொடி ஏறுகிறது. இன்னொரு விசேஷம்: இந்தக் கொடி கயிற்றைப் பிரதட்சிணமாகவே சுற்றும். மாற்றிச் சுற்றிவிட்டால் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுமாம். அவ்வளவு ஆசாரம்!

கொடியில் ஆண், பெண் என்று தனித்தனி. காய்ச்சுவதற்கு வேண்டியது பெண்கொடியின் பூதான். பச்சைக் காகிதத்தில் செய்த சின்னஞ்சிறு அன்னாசிப்பழம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதழைப் பிரித்தால் அடியில் மஞ்சள் பொடி. கசப்பும் மணமும் அந்தப் பொடியில்தான் இருக்கின்றன.

பண்ணையில் பூ நிறுத்துக் கொடுப்பவர் ஒரு மூதாட்டி. வயது எழுபத்தெட்டு. நெடுநெடுவென்ற உருவம், கணீரென்ற குரல். என் மனைவியின் புடவையைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"வாங்குவதற்கு முன்னால் கசக்கிப் பார்க்க வேண்டும், அம்மா. இப்படி!" என்று ஒரு பிடி உலர்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மூக்கருகே நீட்டினார். இவளும் ஒரு பிடி எடுத்துத் தேய்த்தாள். வேப்பம்பூ வாங்கும்போது மயிலாப்பூரில் என்ன செய்வாளோ அதேதான். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

"மண் வாசனை. கொஞ்சம் புல். லேசாய்ப் புதினா."

மூதாட்டி என் மருமானைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு முன்னாலேயே இவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்களே!"

அது ஃபக்கிள் என்ற ஜாதி. இந்த வட்டாரத்திலேயே தோன்றி, நூறு வருஷத்துக்கு மேல் ஆங்கிலேயரின் பீருக்கு மணம் கொடுத்த பூ. கூடவே கோல்டிங் என்ற இன்னொரு பழைய ஜாதியும் இருந்தது. வாங்குகிறவர் கவனிக்க வேண்டியதை மூதாட்டி விரல் விட்டு எண்ணினார்: பொட்டலத்தின்மேல் அறுவடை வருஷம் இருக்க வேண்டும். 'ஆல்ஃபா' எத்தனை சதவிகிதம் என்று இருக்க வேண்டும். அதுதான் கசப்பின் அளவு. நிறம் வெளிர்பச்சையாய் இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வேண்டாம். காற்றுப் புகாத உறையில் போட்டு, வீட்டில் ஐஸ் பெட்டியின் உறைபனி அறையில் வைக்க வேண்டும். காற்றும் சூடும் வெளிச்சமும் ஹாப்ஸுக்குச் சத்துருக்கள். நாய் வளர்க்கிறவர்கள் காய்ச்சிய சக்கையைக் குப்பையில் அலட்சியமாய்ப் போடக் கூடாது. தின்றால் நாய்க்கு ஜுரம் ஏறி உயிருக்கே ஆபத்து.

"ஆல்ஃபா வருஷத்துக்கு வருஷம் மாறுமே, கணக்கு எப்படி?" என்று கேட்டேன்.

மருமான் சொன்னான்: "சுலபம் மாமா. 5 சதவிகிதப் பூ 30 கிராம் போடு என்று குறிப்பில் இருக்கிறது. கையிலே இருப்பது 6 சதவிகிதம். 30-ஐ 5-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 25 கிராம் போதும். அதை ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். கொதித்தால்தான் கசப்பு இறங்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்க வாசனை ஓடிப்போகும். அதனால் வாசனைக்கென்று இன்னொரு பங்கைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் போட வேண்டும்."

"இதற்கா இவ்வளவு பிரசங்கம்?" என்றாள் என் மனைவி. "ரசத்திலே மிளகு கொதிக்கணும், கொத்தமல்லியை இறக்கினப்புறம் போடணும். அவ்வளவுதானே!"

கசப்பு ருசிக்காக மட்டும் அல்ல. மாவூறல் நீர் புளிக்காமல் காப்பாற்றுவதும் அதுதான். நாம் ஊறுகாய்க்கு உப்பிடுவது போல. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்க முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் கடலில் கிடந்து, கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் வந்த பீர்ப் பீப்பாய்களில் ஹாப்ஸை அதிகமாய்ப் போட்டு அனுப்பினார்கள். 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார்கள். நமக்குக் கிடைத்தது பெயர் மட்டும்.

"கையால் பறித்துப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார் மூதாட்டி.

ஒரு கொடியை அறுத்துக் கீழே சாய்த்தார்கள். நாங்கள் மூவரும் உட்கார்ந்து பறித்தோம். அரை மணியில் என் விரல்கள் எரிந்தன. கொடித்தண்டு முழுவதும் நுண்ணிய முள், உடம்பெல்லாம் கீறல். கூடையில் பார்த்தால் அடி மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மூதாட்டியின் கைமட்டும் இயந்திரம் போல் ஓடியது.

"ஆறு வயதில் பழகிய கை" என்றார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

அவர் லண்டனின் கிழக்குக் கோடியில், ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த பேட்டையில் பிறந்தவர். ஒவ்வொரு வருஷமும் அறுவடைக் காலத்தில் தாய்மார்கள் குழந்தை குட்டிகளோடும் சட்டி பானைகளோடும் லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இதற்கென்றே விட்ட ஸ்பெஷல் ரயிலில் ஏறுவார்கள். நாங்கள் காலையில் ஏறிய அதே ஸ்டேஷன்! ஆயிரக்கணக்கான குடும்பங்கள். புருஷர்கள் பட்டணத்தில் வேலையைப் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போவார்கள். பண்ணையில் தகரக் கொட்டகை, வைக்கோல் படுக்கை, வெளியே அடுப்பு. "அதுதான் எங்களுக்கு உல்லாசப் பயணம். அந்த ஒரு மாதம்தான் நான் புகையில்லாத வானத்தைப் பார்ப்பேன்" என்றார்.

கூலி, அளவுக் கணக்கில். கோணித்துணித் தொட்டியில் பறித்துப் போட்டால், அளப்பவன் கூடையால் அளந்து எடுப்பான். ஹாப்ஸ் பஞ்சு போன்ற பூ. அமுக்கி அளந்தால் இரண்டு கூடை ஒன்றாகிவிடும். "அவன் வரும் நேரம் அம்மா எங்களைத் தொட்டிக்குள் கைவிட்டுப் பூவைக் கிளறி உப்பவைக்கச் சொல்வாள். அந்தக் காசில்தான் குளிர்காலத்துக்கு எங்கள் நாலு பேருக்கும் பூட்ஸ்." ஜார்ஜ் ஆர்வெல் 1931-ல் இந்தக் கென்ட் தோட்டங்களில் கூலிக்குப் பறித்து, இந்த வருமானத்தில் ஒருவன் பிழைப்பது எத்தனை கஷ்டம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

"எல்லாவற்றையும்விட எனக்கு ஞாபகம் இருப்பது ரொட்டிதான்" என்றார் மூதாட்டி. "கையெல்லாம் கறுப்புப் பிசின். எந்தச் சோப்புக்கும் போகாது. எதைத் தொட்டுத் தின்றாலும் கசக்கும்."

1950-களில் பறிக்கும் இயந்திரங்கள் பரவின. அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் ஸ்பெஷல் ரயில்களும் தகரக் கொட்டகைகளும் கதையாகிப் போயின. இவர் மட்டும் பண்ணையாள் ஒருவரை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்.

பண்ணைக்காரர் எங்களை உலர்த்தும் அறைக்கு அழைத்துப் போனார். சூடான காற்று கீழிருந்து எழும்ப, தட்டில் முழங்கால் உயரத்துக்குப் பூ. சுமார் ஐந்து கிலோ பச்சைப்பூ உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். வாசனை தலையைக் கிறக்கியது. ஆனால் அவர் முகத்தில் கிறக்கம் இல்லை. 1870-களில் இங்கிலாந்தில் 70,000 ஏக்கருக்கு மேல் ஹாப்ஸ் இருந்தது. இன்று 1,000 ஹெக்டேர்கூட இல்லை. ஜனங்களின் ருசி கசப்புக் குறைந்த பீருக்கு மாறியது. வெளிநாட்டுப் பூ வந்து குவிந்தது. ஃபக்கிள் கொடிக்கு ஒரு வாடல் நோயும் வந்து சேர்ந்தது. அவர் தோட்டத்திலும் இரண்டு வரிசை வாடிவிட்டது, வேரோடு பிடுங்கியிருந்தார்.

"மறுபடி இதையே நடுவதா, திராட்சை வைப்பதா என்று வரும் குளிர்காலத்தில் முடிவு செய்ய வேண்டும். திராட்சைதான் லாபம்" என்றார், மூதாட்டியின் காதில் விழாதபடி.

மருமான் அமெரிக்காவிலிருந்து வரும், மாம்பழ மணமும் ஆரஞ்சு மணமும் வீசும் நாகரிக ஹாப்ஸைத்தான் இதுவரை வாங்கி வந்தவன். நூறு கிராம் ஃபக்கிள் வாங்க வந்தவன், ஒன்றும் பேசாமல் அரைக் கிலோ நிறுக்கச் சொன்னான். அரைக் கிலோ பூ தலையணை அத்தனை பெரிசு! அதனால் ஒரு தோட்டம் பிழைத்துவிடாது. ஆனால் மூதாட்டி தராசில் இன்னும் ஒரு பிடி அதிகமாகவே போட்டார். அமுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஹாட்லோ கிராமத்து மாதாகோவிலுக்குப் போனோம். அங்கே கல்லறைத் தோட்டத்தில் ஓஸ்ட் வீடு போன்ற உருவத்தில் ஒரு ஞாபகச் சின்னம் இருக்கிறது. 1853 அக்டோபர் 20-ஆம் தேதி, பறித்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பிய கூலிக்காரர்களின் வண்டி, ஹார்ட்லேக் மரப்பாலத்தின் கிராதியை உடைத்துக்கொண்டு வெள்ளம் பெருகிய மெட்வே நதியில் கவிழ்ந்தது. ஐரிஷ்காரர்களும் நாடோடிகளுமாக, குழந்தைகள் உட்பட 30 பேர் மாண்டார்கள். என் மனைவி அந்தக் கல்லருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ரயிலில் பசி. காலையில் கட்டிக்கொண்டு வந்திருந்த தயிர்ச்சாதத்தை எடுத்தோம். நானும் மருமானும் ஸ்பூனால் சாப்பிட்டோம். அவளுக்குக் கையால் பிசைந்து சாப்பிட்டால்தான் திருப்தி. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து ஒரு கவளம் வாயில் போட்டவள், முகத்தைச் சுளித்தாள்.

"என்ன, புளித்துவிட்டதா?"

"சாதம் நன்னாத்தான் இருக்கு. கைதான் கசக்கிறது."

ஸ்பூனை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அரை மணி பறிச்சதுக்கே இப்படி. அந்த அம்மா ஆறு வயசிலே ஒரு மாசம் பூரா இதைத்தானே தின்னிருப்பா" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சாதத்தையும் கையாலேயே சாப்பிட்டு முடித்தாள்.