முகபாவம் இல்லாத முகம்

சில நடிகர்களைப் பற்றி நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பத்திரிகையில் சினிமாப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நாட்களில் நானும் அப்படியொரு தீர்ப்பை எழுதியதுண்டு. 'ஸ்பீட்' (1994) படத்தைப் பார்த்துவிட்டு, "இதன் கதாநாயகனுக்கு முகம் இருக்கிறது, முகபாவந்தான் இல்லை" என்று எழுதினேன். அந்த வரி அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்தக் கதாநாயகன் கீயானு ரீவ்ஸ். 1964 செப்டெம்பர் 2 இல் லெபனானின் பெய்ரூட் நகரில் பிறந்தவர். ஆனால் அவர் லெபனானியர் அல்லர். தாய் ஆங்கிலேயப் பெண்மணி; தந்தை ஹவாய், சீன வம்சாவளி கொண்ட அமெரிக்கர். பெயரும் ஹவாய் மொழிப் பெயரே. மலைகளின் மேலாக வீசும் குளிர்காற்று என்பது அதன் பொருளாம். குழந்தைப் பருவத்திலேயே தந்தை பிரிந்து சென்றார். சிட்னி, நியூயோர்க் என்று அலைந்த குடும்பம் கனடாவின் ரொறொன்ரோ நகரில் நிலைகொண்டது. எழுத்துகளை வாசிப்பதில் இடர்ப்பாடு கொண்ட சிறுவன் பாடசாலைகள் பல மாறினான், படிப்பை முடிக்கவில்லை. பனிக்கட்டி ஹொக்கியில் மட்டும் சிறந்த கோல் காப்பாளனாக விளங்கினான்.

'ஸ்பீட்' பெருவெற்றி பெற்ற பின்னர் அவர் செய்த காரியந்தான் என்னை முதலில் யோசிக்க வைத்தது. 1995 இல் கனடாவின் வின்னிபெக் நகர மேடையில் ஹம்லெட்டாக நின்றார். 'ஸ்பீட்' இரண்டாம் பாகத்தில் நடிக்கவும் மறுத்துவிட்டார். பணம் மட்டுமே குறியாக உள்ளவர் செய்யும் காரியமல்ல இது.

'மேட்ரிக்ஸ்' (1999) அவரை உலகெங்கும் கொண்டுசென்றது. கழுத்தில் சத்திரசிகிச்சை செய்து முழுமையாகத் தேறாத நிலையிலேயே அப்படத்துக்கான சண்டைப் பயிற்சியைத் தொடங்கினார் என்பது பலர் அறியாத செய்தி.

புகழ் ஒருபுறம் வளர, மறுபுறம் இழப்புகள் தொடர்ந்தன. நெருங்கிய நண்பரும் 'மை ஓன் பிரைவேட் ஐடாஹோ' (1991) படத்தில் உடன் நடித்தவருமான ரிவர் பீனிக்ஸ் 1993 இல் 23 வயதில் மறைந்தார். 1999 இன் இறுதியில் கீயானுவின் பெண் குழந்தை உயிரற்றுப் பிறந்தது. 2001 இல் அக்குழந்தையின் தாயும் வீதி விபத்தில் பலியானார்.

'ஜோன் விக்' (2014) வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பது. 'மேட்ரிக்ஸ்' படத்தில் அவருக்குப் பதிலாகச் சண்டைக் காட்சிகளில் தோன்றிய சாட் ஸ்டாஹெல்ஸ்கியே இதன் இயக்குநர். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்த ஒருவன், அவள் விட்டுச்சென்ற நாய்க்குட்டியும் கொல்லப்பட்டதும் ஆயுதம் ஏந்துகிறான். கதை இவ்வளவுதான். துப்பாக்கிச் சத்தங்களுக்கிடையே என் கண்கள் அந்த முகத்தையே தேடின. அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. நான் குறையென்று எழுதிய அதே அசைவின்மைதான். துக்க வீடுகளில் பேசாமல் ஒரு மூலையில் அமர்ந்திருப்பவரை நாம் கண்டதில்லையா? அவருக்கு முகபாவம் இல்லை என்று யாராவது சொல்வோமா?

2019 இல் ஸ்டீபன் கோல்பேர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நாம் இறந்த பின் என்ன நடக்கிறது என்று அவரிடம் கேட்கப்பட்டது. பெருமூச்சொன்றை விட்டு, நம்மை நேசிப்பவர்கள் நம் பிரிவை உணர்வார்கள் என்பது மட்டுமே தமக்குத் தெரியும் என்றார். சிரிக்கக் காத்திருந்த அரங்கம் ஒரு கணம் அடங்கிப்போனது.

2025 இல் தமது 61 ஆவது வயதில் மீண்டும் மேடையேறினார். நியூயோர்க்கின் பிராட்வேயில் சாமுவேல் பெக்கெற்றின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம். வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் இருவரில் ஒருவராக அவர் நடித்தார்.

அச்சில் ஏறிய வரியைத் திரும்பப் பெற முடியாது என்பார்கள். ஆயினும் அந்தப் பழைய தீர்ப்பை இங்கே நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முகபாவம் அந்த முகத்தில் இருந்தது. அதை வாசிக்கும் வயது எனக்குத்தான் அப்போது வந்திருக்கவில்லை.